இருபத்தைந்து அடி யாருக்காக?

வாஷிங்டன் நகரை ஒட்டி, மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறது மான்ட்கோமரி கவுண்டி. கவுண்டி என்பது நம் மாவட்டத்துக்கு நெருக்கமான நிர்வாகப் பிரிவு. நகராட்சி இல்லாத பகுதிகளில் நிலத்தில் எதை, எங்கே, எவ்வளவு கட்டலாம் என்று தீர்மானிப்பது கவுண்டி நிர்வாகம்தான். அங்கே 'ஆர்-60' என்று வகைப்படுத்தப்பட்ட குடியிருப்புப் பகுதியில் 60 அடி அகலமும் 100 அடி நீளமும் உள்ள ஒரு மனையை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,000 சதுர அடி. சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டு.

பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும். ஆனால் மனை முழுக்க உங்கள் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. சாலையை ஒட்டிய முன்பக்கத்தில் 25 அடியும் பின்பக்கத்தில் 20 அடியும் காலியாக விட வேண்டும். பக்கவாட்டில் ஒவ்வொரு புறமும் குறைந்தது 8 அடி, இரண்டும் சேர்ந்து 18 அடி. இந்த செட்பேக் போக மிஞ்சுவது 42 அடிக்கு 55 அடி, அதாவது 2,310 சதுர அடி. அதையும் முழுதாக மூடிவிட முடியாது. கட்டடம் மனையில் 35 சதவீதத்துக்கு மேல் பரவக்கூடாது என்று இன்னொரு விதி சொல்கிறது. எனவே 2,100 சதுர அடி. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிது கட்டினால் 30 சதவீதம்தான், ஆக 1,800. உயரமோ, கூரையின் உச்சிவரை 35 அடி. சாய்கூரை போட்டால் சரிவின் நடுமட்டம் வரை 30 அடி என்று அளக்கவும் வழியுண்டு.

இடைவெளி, உயரம், பரப்பு. அமெரிக்காவின் ஆயிரக்கணக்கான கவுண்டிகளிலும் நகரங்களிலும் எண்கள் மாறினாலும் இந்த மூன்று அளவுகோல்கள் மாறுவதில்லை. இவற்றுக்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. தீ எவ்வளவு தூரம் தாவும், சூரியன் எந்தக் கோணத்தில் விழும், மழைநீர் எங்கே போகும் என்ற கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட விடைகளாகத்தான் இவை தொடங்கின. ஆனால் இன்று சட்டப் புத்தகத்தில் இருக்கும் எண்களை எடுத்து அந்தக் கேள்விகளோடு ஒப்பிட்டால் கணக்கு நேராக வருவதில்லை. மிச்சம் விழுகிறது. அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

நிழலில் பிறந்த சட்டம்

1915-இல் நியூயார்க்கின் பிராட்வே சாலையில் ஈக்விடபிள் கட்டடம் எழுந்தது. ஏறக்குறைய 40 மாடி, 538 அடி உயரம். ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் சுமார் 12 லட்சம் சதுர அடித் தளப்பரப்பு, அதாவது நிலத்தைப் போல முப்பது மடங்கு. நடைபாதையின் விளிம்பிலிருந்து உச்சிவரை எங்கும் உள்வாங்காமல் செங்குத்தாக நின்றது. நியூயார்க்கில் டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 26 டிகிரிதான் எழும்பும். அந்தக் கோணத்தில் 538 அடிக் கட்டடத்தின் நிழல் 1,100 அடி தூரம் போகும். சுற்றியிருந்த அலுவலகங்கள் பட்டப்பகலில் விளக்கெரிக்க வேண்டிய நிலை வந்தது.

கட்டட உயரங்களைக் கட்டுப்படுத்துவது பற்றி ஆராய நியூயார்க் 1913-லேயே ஒரு குழுவை அமைத்திருந்தது. ஈக்விடபிள் கட்டடம் அந்தக் குழுவின் வாதத்துக்குக் கண்முன் நிற்கும் சாட்சியானது. எட்வர்ட் பாசெட் என்ற வழக்கறிஞரின் முன்னெடுப்பில் 1916-இல் அமெரிக்காவின் முதல் முழு நகர மண்டல விதி பிறந்தது. அதன் உள்ளடக்கம் சட்டத்தைவிட வடிவ கணிதத்துக்கே நெருக்கமானது. கட்டடத்தின் முன்சுவர் சாலை அகலத்தின் குறிப்பிட்ட மடங்குவரைதான் நேராக எழலாம். இரண்டு மடங்கு அனுமதிக்கப்பட்ட பகுதியில், 100 அடிச் சாலையில் 200 அடி. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு அடி உள்வாங்கலுக்கும் 4 அடி உயரலாம். மனையின் கால்பகுதியில் மட்டும் கோபுரம் எவ்வளவு உயரமும் போகலாம். சாலையின் நடுவிலிருந்து வானத்தை நோக்கி ஒரு சாய்கோடு இழுத்து, அதைக் கட்டடம் தாண்டக்கூடாது என்று சொன்னது போலத்தான். கிரைஸ்லர் கட்டடமும் எம்பயர் ஸ்டேட் கட்டடமும் படிப்படியாக ஒடுங்கிக்கொண்டே போவதில் கட்டடக் கலைஞரின் ரசனைக்கு இருக்கும் பங்கு இந்தச் சாய்கோட்டுக்கும் இருக்கிறது.

நியூயார்க்கின் விதி நாடெங்கும் பரவ ஒரு வார்ப்பு தேவைப்பட்டது. ஹெர்பர்ட் ஹூவர் வணிகத்துறைச் செயலராக இருந்தபோது மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டம் ஒன்று வெளியானது. கட்டடங்களின் உயரம், மனையில் கட்டடம் மூடும் சதவீதம், முற்றங்களின் அளவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அது உள்ளாட்சிகளுக்கு வகுத்துக் கொடுத்தது. நோக்கங்களாகத் தீயிலிருந்து பாதுகாப்பு, போதிய வெளிச்சமும் காற்றும், நெரிசலைத் தவிர்ப்பது ஆகியவற்றைப் பட்டியலிட்டது. 1926-இல் ஒஹையோவின் யூக்ளிட் கிராமம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் மண்டல விதிகள் செல்லும் என்றது. அடுத்த ஆண்டு விர்ஜீனியாவின் ரோனோக் நகர வழக்கில் முன்பக்க செட்பேக்கும் செல்லும் என்றது. அதன்பின் தடையேதும் இல்லை.

தீ கேட்கும் தூரம்

பக்கவாட்டு இடைவெளிக்கு முதலில் சொல்லப்படும் காரணம் தீ. 1958-இல் கனடாவில் செயின்ட் லாரன்ஸ் நதியில் கப்பல் வழி அமைத்தபோது சில ஊர்கள் நீரில் மூழ்கவிருந்தன. காலி செய்யப்பட்ட ஆல்ட்ஸ்வில் என்ற ஊரின் எட்டுக் கட்டடங்களைக் கனடா தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் விஞ்ஞானிகள் அளவுகருவிகளைச் சுற்றிலும் நட்டுவிட்டுத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். எரியும் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டின் சுவரை எட்டும் வெப்பம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

விறகடுப்பின் முன் உட்கார்ந்தவருக்குக் கதிர்வீச்சு வெப்பத்தை விளக்க வேண்டியதில்லை. சுடர் தொடாமலே முகம் காயும். சுள்ளென்ற நண்பகல் வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1 கிலோவாட் வெப்பத்தைத் தரும். அதைப் போலப் பன்னிரண்டரை மடங்கு கதிர்வீச்சு தொடர்ந்து விழுந்தால், ஒரு பொறி பட்டதும் மரம் பற்றிக்கொள்ளும். பக்கத்துச் சுவரில் விழும் கதிர்வீச்சு இந்த 12.5 கிலோவாட்டைத் தாண்டாதபடி கட்டடங்களுக்கு இடையே தூரம் வேண்டும் என்பதே கனடா கட்டட விதிகளின் அடிப்படை. கதிர்வீச்சு பெரும்பாலும் சன்னல்களின் வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே தேவையான தூரம் ஒரே எண்ணாக இருக்க முடியாது. எதிரே பெரிய சன்னல்கள் இருந்தால் தூரம் கூட வேண்டும். தீயைத் தாங்கும் மூடிய சுவர் என்றால் மனை எல்லைவரைகூட வரலாம்.

அமெரிக்க வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதியும் இதே வழியில்தான் போகிறது. மனை எல்லையிலிருந்து 5 அடிக்குள் வரும் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். 3 அடிக்குள் வந்தால் சன்னலோ கதவோ கூடாது. அதாவது தீயின் கணக்கு கட்டட விதியிலேயே முடிந்துவிடுகிறது. மண்டல விதி கேட்கும் 8 அடிக்கும் 18 அடிக்கும் தீ மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

மறுபுறம், சில அடிகளின் வரம்பும் தெரிந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் ஆல்டடீனா ஊருக்குத் தனி நகராட்சி கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் விதிகளே அங்கே செல்லுபடியாகும். கவுண்டியின் தனிவீட்டுப் பகுதிகளுக்கான பக்கவாட்டு செட்பேக் 5 அடி, எனவே இரு வீடுகளுக்கு நடுவே 10 அடி. 2025 ஜனவரியில் ஈட்டன் தீ பரவியபோது 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. சூறைக்காற்றில் பறந்த தணல் தெருக்களையே தாண்டியது. கூரை விளிம்பின் காற்றுத் துளை வழியாக உள்ளே புகும் தணலுக்கு 5 அடியும் ஒன்றுதான், 8 அடியும் ஒன்றுதான். ஒரு வீடு பற்றிய பிறகு பக்கத்து வீட்டுக்கு இடைவெளி உதவும். முதல் வீடு பற்றாமல் தடுப்பதோ, துளையில் பொருத்தும் கம்பிவலையும் கூரைப் பொருளும் சுவரோரம் எரியக்கூடியது எதுவும் இல்லாமல் வைத்திருப்பதும்தான்.

சூரியனுக்குத் திசை தெரியும்

உயர வரம்பின் வரலாற்றிலும் தீ இருக்கிறது. வாஷிங்டனில் 1894-இல் 164 அடிக்கு எழுந்த கெய்ரோ கட்டடத்தைப் பார்த்துத் தீயணைப்பு ஏணி எட்டுமா என்ற கவலை எழுந்தது. அந்தக் கவலையின் தொடர்ச்சியாக வந்த 1910-ஆம் ஆண்டுச் சட்டம், சாலை அகலத்தோடு 20 அடி கூட்டினால் வரும் உயரமே எல்லை என்றது. வணிகச் சாலைகளில் பொதுவாக உச்ச வரம்பு 130 அடி. அந்த நகரில் இன்றும் வானுயர் கட்டடங்கள் இல்லாததற்கு இதுதான் காரணம். இன்று தண்ணீர் தெளிப்பான்களும் புகை புகாத படிக்கட்டுகளும் வந்துவிட்டதால் ஏணியின் நீளம் முன்போல் எல்லையாக நிற்பதில்லை. மிஞ்சியிருக்கும் வாதம் வெளிச்சம்.

அந்த வாதத்தைச் சோதித்துப் பார்ப்பது கடினமல்ல. மான்ட்கோமரி கவுண்டி வடக்கு 39-ஆவது அட்சரேகையில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியனின் உயரம் டிசம்பர் இறுதியில் 27.6 டிகிரி, மார்ச்சிலும் செப்டம்பரிலும் இரவும் பகலும் சமமாகும் நாளில் 51 டிகிரி, ஜூன் இறுதியில் 74.4 டிகிரி. 35 அடி வீட்டின் நண்பகல் நிழல் முறையே 67 அடி, 28 அடி, 10 அடி. இவற்றை செட்பேக்கோடு வைத்துப் பார்ப்போம்.

உங்கள் வீட்டுக்குத் தெற்கே பக்கத்து வீடு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 18 அடி. டிசம்பர் நண்பகலில் அந்த வீட்டின் நிழல் உங்கள் சுவரில் 25 அடி உயரம்வரை ஏறிவிடும். இரண்டு மாடி வீடு என்றால் தெற்குச் சன்னல்கள் எல்லாமே இருட்டில். வெயில் மிகவும் தேவைப்படும் குளிர்காலத்தில் பக்கவாட்டு செட்பேக் கைகொடுப்பதில்லை. தேவையே இல்லாத ஜூனில்தான் வெயிலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அதே 18 அடி கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால் நண்பகலுக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. எதிர்வீட்டு நிலைமை வேறு. 60 அடிச் சாலையோடு இருபுறமும் 25 அடி சேர்ந்தால் 110 அடி. குளிர்கால நிழலின் 67 அடிக்கு இது தேவையைவிட வெகு அதிகம்.

விதிக்கு வடக்கு, தெற்கு என்ற பேதம் இல்லை. சூரியனுக்கோ அதுதான் எல்லாமே. இதை முதலில் அழுத்திச் சொன்னவர்களில் ஒருவர் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பேராசிரியர் ரால்ஃப் நோல்ஸ். மனையின் திசை, சரிவு, அட்சரேகை ஆகியவற்றிலிருந்து சூரியக் கோணங்களைக் கணக்கிட்டு, அண்டை வீட்டின் வெயிலை மறைக்காத மிகப்பெரிய கன வடிவம் எது என்று வரைந்து காட்டினார். அது பெட்டியாக வராது. வடக்குப் பக்கம் சரிந்த கூடாரமாக வரும். கொலராடோவின் போல்டர் நகரம் இந்த வழியில் ஒரு விதியையே வைத்திருக்கிறது. தனிவீட்டுப் பகுதிகளில் மனை எல்லையில் 12 அடி வேலி ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். டிசம்பர் 21 அன்று காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை அந்த வேலி வீழ்த்தும் நிழலைவிட அதிக நிழலை உங்கள் வீடு பக்கத்து மனையில் போடக்கூடாது. வெளிச்சம்தான் நோக்கம் என்றால் விதி இப்படித்தான் அமையும்.

நீருக்குத் தெரியாத விதிவிலக்குகள்

மூன்றாவது அளவு பரப்பு. ஓர் அங்குல மழை 2,100 சதுர அடிக் கூரையில் விழுந்தால் சுமார் 5,000 லிட்டர். புல்வெளியில் விழுந்திருந்தால் அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் போயிருக்கும். கூரையிலிருந்து ஏறக்குறைய மொத்தமும் சில நிமிடங்களில் வடிகாலுக்குப் போகிறது. ஓடைகளில் வெள்ளம் சட்டென்று எழுந்து சட்டென்று வடிகிறது. கரைகள் அரிக்கப்படுகின்றன, கோடையில் ஊற்று வற்றுகிறது. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் நீர் புகாத பரப்பு 10 சதவீதத்தை எட்டும்போதே ஓடைகளின் உயிர்ச்சூழல் சீர்குலையத் தொடங்குகிறது என்று 1990-களில் டாம் ஷூலர் தொகுத்துக் காட்டினார். பின்னர் வந்த ஆய்வுகள் அந்த எண்ணை ஒரு கோடாகப் பார்க்காமல், ஊருக்கு ஊர் மாறும் ஒரு சரிவாகப் பார்க்கின்றன.

இந்த அறிவியலோடு மான்ட்கோமரியின் 35 சதவீதத்தை வைத்துப் பாருங்கள். அங்கே கணக்கில் வருவது வீடு, கொட்டகை, கூரை வேய்ந்த திண்ணை ஆகியவை. கார் வந்துபோகும் சிமென்ட் பாதை வராது, நீச்சல் குளம் வராது. மழைநீருக்கு இந்த வேறுபாடு தெரியாது. சிமென்ட் பாதையும் அதற்குக் கூரைதான். அப்படியென்றால் இந்த 35 சதவீதம் நீருக்காக எழுதப்பட்டதாக இருக்க முடியாது. வீடு எவ்வளவு பருமனாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே அதன் கவலை. பழைய சிறுவீடுகளை இடித்துவிட்டு மனையை அடைத்துக்கொண்டு மாளிகைகள் எழுவதைக் கண்டு அண்டை வீட்டார் முறையிட்ட பிறகே, இடித்துக் கட்டும் வீடுகளுக்கான வரம்பு 30 சதவீதமாக இறங்கியது. மனை பெரிதாகப் பெரிதாக அது இன்னும் குறைந்து, 16,000 சதுர அடியில் 20 சதவீதமாகிறது.

அதே மேரிலாந்தில் நீருக்காகவே எழுதப்பட்ட விதி ஒன்றும் இருக்கிறது. செசபீக் விரிகுடாவின் நீர்ப்பிடிப்பு 1,60,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல்; விரிகுடாவின் சராசரி ஆழமோ 21 அடிதான். இவ்வளவு நிலத்தின் கழிவு இவ்வளவு ஆழமில்லாத நீரில் சேர்ந்தால் பாசி பெருகும், ஆக்சிஜன் குறையும், நண்டும் சிப்பியும் சாகும். அதனால் 1984-இல் வந்த சட்டம் ஓதம் ஏறும் நீர்க்கரையிலிருந்து 1,000 அடிவரை உள்ள நிலத்தைத் தனியாகப் பிரித்தது. ஆன் அருண்டல் போன்ற கரையோரக் கவுண்டிகள் அதை நடைமுறைப்படுத்துகின்றன. கரையை ஒட்டிய முதல் 100 அடி மரமும் செடியுமாக இருக்க வேண்டும். வளர்ச்சி மட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் மூடும் பரப்பு பொதுவாக 15 சதவீதம். அரை ஏக்கருக்கு மிகாத பழைய மனைகளுக்கு 25. இந்தக் கணக்கில் கார் பாதையும் வரும், நிறுத்துமிடமும் வரும். நீர் எதை எண்ணுகிறதோ அதைத்தான் இந்த விதியும் எண்ணுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு மனையிலும் பரப்பைக் குறைத்தால் மொத்தப் பரப்பு குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. நான்கு குடும்பங்கள் நான்கு அகன்ற மனைகளில் பரவினால் நான்கு கூரைகள், நான்கு கார் பாதைகள், அவற்றை இணைக்கும் நீண்ட சாலை. அதே நான்கு குடும்பங்கள் ஒரே மனையில் மேலும் கீழுமாக இருந்தால் ஒரே கூரை. மனையளவில் நல்லதாகத் தெரிவது ஆற்றளவில் கெடுதலாக முடியலாம்.

மிச்சத்தின் கதை

தீக்கு 5 அடி. வெளிச்சத்துக்குத் திசையைப் பொறுத்து மாறும் ஒரு கோணம். நீருக்குக் கெட்டியான தரை எல்லாம் சேர்ந்த கணக்கு. இவற்றைக் கழித்த பிறகும் முன்பக்கத்து 25 அடி அசையாமல் நிற்கிறது. 60 அடி அகல மனையில் அது 1,500 சதுர அடி, மனையின் கால்பங்கு. அதை யார் கேட்டார்கள்?

மான்ட்கோமரி கவுண்டிக்குள்ளேயே ஒரு துப்பு கிடைக்கிறது. மண்டல விதிகள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், 1890-களில், ஃபிரான்சிஸ் நியூலண்ட்ஸ் என்பவரின் நிறுவனம் டிராம் பாதையோரத்தில் செவி சேஸ் என்ற புறநகரை உருவாக்கியது. அங்கே மனை வாங்கியவர்களின் கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனைகள் இருந்தன. பிரதான சாலையில் வீடு 35 அடி தள்ளி இருக்க வேண்டும், 5,000 டாலருக்குக் குறையாமல் கட்ட வேண்டும். பக்கத் தெருக்களில் 25 அடியும் 3,000 டாலரும். இடைவெளியும் விலையும் ஒரே பத்தியில் அருகருகே நின்றன. புல்வெளிக்குப் பின்னால் விலகி நிற்கும் வீடு என்ற தோற்றம் அன்று விற்பனைக்கு வந்த சரக்கு. அதை வாங்க முடியாதவரை வெளியே நிறுத்துவதும் அந்தச் சரக்கின் ஒரு பகுதி.

மண்டல விதிகள் பரவியபோது இத்தகைய பத்திர நிபந்தனைகளின் வழக்கம் பொதுச்சட்டத்துக்குள் வந்தது. 1927-ஆம் ஆண்டு ரோனோக் தீர்ப்பில் முன்பக்க செட்பேக்குக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களில் தெருவின் தூசி, இரைச்சல், தீ அபாயம், முனையில் திரும்பும் கார்களுக்குப் பார்வை மறைவது ஆகியவற்றோடு குடியிருப்பின் கவர்ச்சியும் இருந்தது. முந்தைய ஆண்டின் யூக்ளிட் தீர்ப்பு இன்னும் வெளிப்படையானது. தனிவீடுகளின் நடுவே வரும் அடுக்ககத்தை அது ஒட்டுண்ணி என்றே வருணித்தது. வெயிலையும் காற்றையும் அது பறித்துக்கொள்கிறது என்றது. வெளிச்சம் என்ற அறிவியல் காரணமும், வாடகைக்கு வருபவர்கள் வேண்டாம் என்ற சமூகக் காரணமும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டன. இன அடிப்படையில் குடியிருப்புகளைப் பிரிக்கும் விதிகளை அதே நீதிமன்றம் 1917-லேயே செல்லாது என்றிருந்தது. மனையின் அளவையும் இடைவெளியையும் கொண்டு விலையை உயர்த்துவதற்கு அப்படித் தடை எதுவும் வரவில்லை.

அந்த விலையேற்றம் எப்படி நடக்கிறது என்பதைக் கணக்கே காட்டும். மான்ட்கோமரியின் பக்கவாட்டு 18 அடியை 25 அடி அகல மனைக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு மிஞ்சுவது 7 அடி அகலம். சிறிய மனை கூடாது என்று எங்கும் எழுதாமலே செட்பேக் அதைத் தடுத்துவிடும். எதிர்த்திசையில் ஒரு சான்று ஹூஸ்டன். அந்த நகரில் நிலப்பயன்பாட்டைப் பிரிக்கும் மண்டல விதிகள் கிடையாது. ஆனால் குறைந்தபட்ச மனை அளவு உண்டு. 1998-இல் நகரின் உட்பகுதியில் அதை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை குறைக்க அனுமதித்தார்கள். ஒரு பழைய வீடு நின்ற இடத்தில் மூன்று, நான்கு மாடிவீடுகள் எழத் தொடங்கின. கலிஃபோர்னியா 2021-இல் இயற்றிய சட்டம், தனிவீட்டு மனையில் இரண்டாவது வீடு கட்டவும் மனையைப் பிரிக்கவும் வழிவிட்டது. அப்படிக் கட்டும்போது பக்கத்திலும் பின்னாலும் 4 அடிக்கு மேல் கேட்கக்கூடாது என்று உள்ளாட்சிகளைக் கட்டுப்படுத்தவும் செய்தது. கட்டட விதியின் தீக் கணக்கு சொல்லும் எண்ணுக்கு இது மிக அருகில் இருப்பதைக் கவனிக்கலாம்.

இதைவைத்து விதிகளையெல்லாம் தூக்கிப் போடலாம் என்று சொல்வது தவறு. ஈக்விடபிள் கட்டடத்தின் நிழலும் செசபீக் விரிகுடாவின் பாசியும் கற்பனையல்ல. கேள்வி, ஒவ்வொரு எண்ணும் எந்த வேலைக்காக இருக்கிறது என்பதுதான். தீக்கான எண் சுவரையும் சன்னலையும் பார்த்து மாற வேண்டும். வெயிலுக்கான எண் திசையை அறிந்திருக்க வேண்டும். நீருக்கான எண் கார் பாதையையும் எண்ண வேண்டும். இவை போக ஓர் ஊர் தன் தெரு அழகாக இருக்க வேண்டும் என்று 25 அடி புல்வெளியைக் கேட்டால், அப்படிக் கேட்க அதற்கு உரிமை உண்டு. ஆனால் அதற்காக ஒதுக்கும் கால்பங்கு மனையும், அதனால் அந்தத் தெருவில் குடியேற முடியாமல் போகிறவர்களும் அழகின் செலவுக் கணக்கில்தான் வர வேண்டும். தீயின் பெயரிலோ வெளிச்சத்தின் பெயரிலோ அந்தச் செலவை எழுதிக்கொண்டிருக்கும்வரை, அது நியாயமான விலையா என்ற பேச்சைத் தொடங்கவே முடியாது.